47ஆம் பக்கம்

நேற்று சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். எங்கள் லேபுக்கு புராஜெக்ட் செய்ய வந்திருக்கும் தம்பி ரோட்டாவேப் (குடுவையைச் சுழற்றி, வேக்குவத்தில் கரைப்பானை ஆவியாக்கி எடுக்கும் கருவி) முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். மோட்டார் ஓடுகிறது, குடுவை வெந்நீரில் சுழல்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. இரண்டு வாரம் பாடுபட்டுச் செய்த மஞ்சள் எண்ணெய் ஒரே கொதியில் மேலே ஏறி, ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சர் சுருள் வரைக்கும் அப்பியிருந்தது. குடுவையில் பாதிக்கு மேல் கரைசல் ஊற்றியிருக்கிறான். வேக்குவத்தை மெல்ல மெல்லக் கூட்டாமல் ஒரேயடியாகத் திறந்திருக்கிறான். பொங்கி வந்தால் பிடித்துக்கொள்ளும் கண்ணாடிக் குமிழை நடுவில் மாட்டவும் இல்லை.

என்னைப் பார்த்ததும் கேட்டான்: "அக்கா, நோட்ல இந்தப் பக்கத்தைக் கிழிச்சிட்டு நாளைக்குப் புதுசா எழுதிக்கட்டுமா?"

நான் பதில் சொல்லவில்லை. என் மேசைக்குப் போய், பழைய நோட்டுகளில் இரண்டாவதை எடுத்து வந்து 47ஆம் பக்கத்தைத் திறந்து அவன் கையில் கொடுத்தேன். அதில் என் கையெழுத்தில், கொஞ்சம் நடுக்கத்தோடு இப்படி இருக்கும்: "டி.சி.எம். லேயரைத் தண்ணீர் லேயர் என்று நினைத்துக் கழிவுக் கேனில் ஊற்றிவிட்டேன். மணி 4.20." டி.சி.எம். என்பது ஒரு கரைப்பான், என் பொருள் அதில்தான் கரைந்திருந்தது.

இரண்டு தடவை படித்தான். "அப்புறம் என்னக்கா ஆச்சு?" என்றான். அதைச் சொல்ல நேற்று நேரம் கிடைக்கவில்லை. ஒன்பது மணி வரைக்கும் இருவருமாக அந்தக் கண்டென்சரைக் கழுவிக்கொண்டிருந்தோம். அதனால் இங்கே எழுதுகிறேன். அவனுக்காகவும், அவனைப் போல ஒரு பக்கத்தைக் கிழிக்கலாமா என்று யோசிக்கும் மற்றவர்களுக்காகவும்.

47ஆம் பக்கத்துக்கு வெகுகாலம் முன்பே ஒரு 18.7 இருக்கிறது.

பட்டப்படிப்பு இரண்டாம் வருஷம். ஆக்சாலிக் அமிலத்துக்கு எதிராகப் பெர்மாங்கனேட் டைட்ரேஷன். கூம்புக் குடுவையில் ஆக்சாலிக் அமிலத்தோடு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்து, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து ஊதா நிறக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சொட்டு போக மறுக்கும். இளஞ்சிவப்பாக நின்று நின்று, பிறகுதான் மறையும். இரண்டாவது கொஞ்சம் சீக்கிரம். அப்புறம் விட்ட நொடியில் மறைந்துவிடும். வினையில் உண்டாகிற மாங்கனீசு அயனியே வினையை வேகப்படுத்துகிறது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அதைக் கண்ணால் பார்த்த அன்றுதான் இந்தப் பாடத்தை விட்டுப் போகக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மூன்று ரீடிங் எடுத்தேன். 18.7, 18.4, 18.4. மூன்றும் ஒத்துப்போக வேண்டுமே என்று 7-ஐ பேனாவால் தடவித் தடவி 4 ஆக்கினேன். சார் வந்து நோட்டைப் பார்த்தார். அந்தத் தடித்த 4 மேல் விரலை வைத்து, "இது என்னம்மா?" என்றார். தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பியூரெட்டைக் காலி செய்து, மறுபடி நிரப்பி, குழாய்க்குக் கீழே இருக்கும் மெல்லிய முனையைக் காட்டினார். அங்கே நீளமாக ஒரு காற்றுக்குமிழ்.

"முதல் தடவை இப்படித்தான் இருந்திருக்கும். இந்தக் குமிழ் வெளியே போனதைத்தான் நீ கரைசல்னு அளந்திருக்கே. 18.7ங்கிறது தப்பில்ல. அதுதான் உனக்கு விஷயத்தைச் சொல்ல வந்துச்சு."

திரும்ப 18.7 என்று எழுத வைத்தார். அதை ஒரே கோட்டால் அடிக்கச் சொன்னார், கீழே இருக்கும் எண் படிக்கத் தெரிய வேண்டும் என்று. பக்கத்தில் "காற்றுக்குமிழ்" என்று எழுதச் சொன்னார். இன்று வரைக்கும் அப்படித்தான் அடிக்கிறேன்.

இப்போது நான் ஆர்கானிக் சிந்தசிஸில் ஆராய்ச்சி மாணவி, மூன்றாம் வருஷம். வெளியில் இருப்பவர்கள் லேப் என்றால் நிறம் மாறும் திரவங்கள், புகை, கண்டுபிடிப்பு என்று நினைக்கிறார்கள். என் நாளில் பெரும்பகுதி காத்திருப்பதிலும் கழுவுவதிலும் போகிறது. காலையில் வந்ததும் ஹூட் (புகையை வெளியே இழுக்கும் கண்ணாடிக் கூண்டு) விளக்கைப் போட்டு, இரவு முழுக்கச் சுழன்ற ரியாக்‌ஷன்களைப் பார்ப்பேன். கண்டென்சருக்குத் தண்ணீர் ஓடுகிறதா, குழாய்களில் கம்பிக் கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுவேன். ஒரு தடவை இரவில் குழாய் கழன்று, காலையில் லேப் முழுக்கக் கணுக்கால் நனைகிற அளவு தண்ணீர் நின்றது. பிறகு வினை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க டி.எல்.சி. போடுவேன், சிலிக்கா பூசிய சின்னத் தகட்டில் பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துப் பார்ப்பது. தகட்டில் பென்சிலால் கோடு கிழித்து (பேனா மை கரைப்பானோடு சேர்ந்து ஏறிவிடும்), தொடங்கிய பொருள் ஒரு புள்ளி, ரியாக்‌ஷன் ஒரு புள்ளி, நடுவில் இரண்டும் சேர்ந்த புள்ளி. 254 நானோமீட்டர் விளக்கின் கீழ் தகடு பச்சையாக ஒளிரும், புள்ளிகள் கறுப்பாகத் தெரியும். அங்கே தெரியாததற்கு பெர்மாங்கனேட்டில் முக்கிச் சூடுகாட்டினால் ஊதாவுக்கு நடுவே மஞ்சள் எழும்பி வரும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த மஞ்சள் எழும்புகிற நேரம் எனக்கு மூச்சு நிற்கும்.

கழுவுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐசோபுரோப்பனாலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைத்த தொட்டியில் கண்ணாடிச் சாமான்களை இரவு முழுக்க ஊற வைப்போம். கையுறையில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் விரல் நுனி வழவழவென்று ஆகிவிடும். முதல் வாரம் அதைச் சோப்புத் தண்ணீர் பட்டது என்று நினைத்துவிட்டேன். அது என் தோலின் கொழுப்பே சோப்பாகிக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்ததிலிருந்து தொட்டியில் கை விடுமுன் கையுறையில் ஊதிப் பார்க்கிறேன்.

சரி, 47ஆம் பக்கம்.

அதற்கு முந்தைய இரண்டு மாதமும் எல்லா ரியாக்‌ஷனையும் எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானில் பிரித்திருந்தேன். அதன் அடர்த்தி 0.90. ஒன்றோடொன்று கலக்காத திரவங்களைப் பிரிக்கும் பிரிபுனலில் தண்ணீருக்கு மேலே நிற்கும். கீழ் லேயர் கழிவு, மேல் லேயர் பொருள் என்று கைக்குப் பழகிவிட்டது. அன்று டைகுளோரோமீத்தேன், நாங்கள் சொல்லும் டி.சி.எம். அடர்த்தி 1.33. அது கீழே போய் நிற்கும். எனக்கு இது தெரியாததல்ல. முதல் நாள் தேர்வில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனால் பிரிபுனலின் குழாயைத் திறந்தது, தெரிந்த மூளை இல்லை, பழகிய கை. ஆறாவது படியில் கிடைத்த 1.2 கிராம் பொருள், கீழ் லேயரோடு சேர்ந்து நேராகத் தண்ணீர்க் கழிவுக் கேனுக்குள் போனது.

எனக்கு உடனே தெரியவில்லை. மீதியிருந்ததில் ஈரம் போக்க நீரற்ற சோடியம் சல்பேட் போட்டேன். நல்ல ஆர்கானிக் லேயரில் அது மணல் மாதிரி தனித்தனியாக உருளும். அன்று கட்டியாகச் சேர்ந்துகொண்டது. இன்னும் கொஞ்சம் போட்டேன், அதுவும் கட்டி. மூன்றாவது கரண்டி போடும்போது கை நின்றது. நான் ஈரம் போக்கிக்கொண்டிருந்தது தண்ணீரை.

அந்த நிமிடம் வயிற்றில் விழுந்த கனத்தை என்னால் இப்போதும் சொல்ல முடியும். யாருக்கும் தெரியாது. அந்தப் பொழுதில் லேபில் சீனியர் அக்கா மட்டும்தான் இருந்தார், அவரும் மறுகோடியில். "வினை நடக்கவில்லை" என்று ஒரு வரி எழுதினால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த எண்ணம் எனக்கு வந்தது. வந்தது என்பதையும் எழுத வேண்டும் என்றுதான் இதை இங்கே எழுதுகிறேன். பிறகு அந்தத் தடித்த 4 ஞாபகம் வந்தது. கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். எழுதிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

அவர் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. மூன்று கேள்வி கேட்டார். "எந்த கேன்? எப்ப மாத்தினாங்க? உனக்கு அப்புறம் யாராவது ஊத்தினாங்களா?" கேனை அன்று காலைதான் மாற்றியிருந்தோம். அதன் லேபிளில் ஊற்றியவர்கள் எழுதி வைத்திருந்தார்கள்: உப்புக் கரைசல், பைகார்பனேட், மறுபடி உப்புக் கரைசல். யாரும் உலோகக் கழிவோ அமிலமோ ஊற்றவில்லை. அக்கா பெரிய பீக்கரை ஹூட்டுக்குள் வைத்து, கேனை மெல்லச் சாய்த்துக் கொட்டச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கலங்கல் அடங்கி, அடியில் இளமஞ்சளாக ஒரு லேயர் திரண்டது. அது என் டி.சி.எம்.

அதைப் பிரித்து, மூன்று தடவை கழுவி, மேலே நின்ற தண்ணீரையும் புது டி.சி.எம். விட்டு இரண்டு தடவை எடுத்து, மறுநாள் தூய்மைப்படுத்தி எடை போட்டபோது 710 மில்லிகிராம். ஏழாவது படிக்கு அது போதுமானதாக இருந்தது. லேபிளில் அந்த மூன்று பேரும் எழுதியிருக்காவிட்டால் அந்த கேனைத் தொடவே அக்கா சம்மதித்திருக்க மாட்டார். பெயர் தெரியாத கழிவைக் கிளறுவது ஆபத்து. நைட்ரிக் அமிலம் போன கேனில் அசிட்டோனோ ஆல்கஹாலோ சேர்ந்தால் வெடிக்கவே செய்யும்.

அன்று அக்கா இரண்டு விஷயம் கற்றுக்கொடுத்தார். எது எந்த லேயர் என்று சந்தேகம் வந்தால் மேலே ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். மேல் லேயரோடு கலந்தால் மேலே இருப்பது தண்ணீர், முத்தாகக் கீழே இறங்கினால் கீழே இருப்பது தண்ணீர். இன்னொன்று, பொருளைத் தராசில் பார்க்கும்வரை எந்த லேயரையும் கொட்டக் கூடாது. அன்றிலிருந்து என் ஹூட்டில் "மேல்", "கீழ்" என்று மார்க்கரில் எழுதிய இரண்டு கூம்புக் குடுவைகள் எப்போதும் நிற்கின்றன.

பிரிபுனலைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன், தம்பி. அமிலம் மிச்சமிருக்கும் கரைசலை பைகார்பனேட் விட்டுக் கழுவும்போது உடனே மூடிக் குலுக்காதே. கார்பன் டை ஆக்சைடு வந்துகொண்டே இருக்கும். திறந்தபடியே சுழற்றி, நுரை அடங்கிய பிறகு மூடி, ஒரு குலுக்கலுக்கு ஒரு தடவை குழாயைத் திறந்து காற்றை விட வேண்டும், முனை யார் முகத்தையும் பார்க்காமல். எனக்கு மூடி தெறித்து ஹூட் கண்ணாடியில் மோதியது. பாதிப் பொருள் என் லேப் கோட்டின் மேல். நல்லவேளை, பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தேன்.

அடுத்தது என் மூன்றாவது நோட்டின் 12ஆம் பக்கம். இதை எழுத எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

விக்டர் கிரிக்னார்டு 1900இல் வெளியிட்டு, 1912இல் நோபல் பரிசு பெற்ற வினை. ஈதரில் மக்னீசியச் சீவல், அதன் மேல் ஒரு புரோமைடு. எழுதினால் ஒரு வரி. செய்தால், அது தொடங்குவதற்குள் உயிர் போய்விடும். மக்னீசியத்தின் மேல் ஆக்சைடு படலம் இருக்கும், எங்காவது துளி ஈரம் இருக்கும். வினை சும்மா உட்கார்ந்திருக்கும். அதை எழுப்ப ஒரு அயோடின் படிகம் போடுவோம். ஈதர் பழுப்பாகும். பழுப்பு மறைந்து, சீவலின் மேல் சின்னச் சின்னக் குமிழ் கிளம்பினால் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதுவரைக்கும் புரோமைடில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விடக் கூடாது.

நான் இருபது நிமிடம் காத்திருந்தேன். பழுப்பு அப்படியே நின்றது. கொஞ்சம் விட்டேன். நின்றது. மத்தியானம், பொருளின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவியில் எனக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள், அது தவறினால் மூன்று நாள் ஆகும். மிச்சம் முழுவதையும் விட்டுவிட்டேன். சூடான காற்றை வீசும் ஹாட் ஏர் கன் எடுத்துக் குடுவையின் அடியில் அரை நிமிடம் காட்டினேன்.

பழுப்பு ஒரு நொடியில் போனது. கரைசல் சாம்பல் நிறமாகக் கலங்கியது. ஒரு கணம் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. அடுத்த கணம் குடுவை முழுவதும் கொதித்தது. ஈதர் 34.6 டிகிரியிலேயே கொதிக்கும். உள்ளே வெப்பம் ஏற ஏற வினை வேகமாகும், வேகமாக ஆக இன்னும் வெப்பம். கண்டென்சரின் பாதி வரை ஏறிய ஈதர், அடுத்த மூச்சில் முழுக்க ஏறி, மேலிருந்த நைட்ரஜன் பலூனைத் தள்ளிக்கொண்டு வெளியே பீச்சியது. நான் கன்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதை அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அக்கா ஓடிவந்து என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, பிளக்கைப் பிடுங்கி, ஐஸ் தொட்டியைக் குடுவைக்குக் கீழே ஏற்றி, ஹூட் கண்ணாடியைச் சரேலென்று இறக்கினார். பிறகுதான் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. தீப்பிடிக்கவில்லை. அந்தச் சூடான கன் இன்னும் பத்து நொடி என் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மேடம் சத்தம் கேட்டு வந்தார். முதலில் கேட்டது, "கண்ணுல பட்டுச்சா?" அடுத்தது, "கையைக் காட்டு." பொருள் என்ன ஆயிற்று என்று அன்று முழுவதும் கேட்கவில்லை. மாலையில் நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். "தொடங்குவதற்கு முன்பே முழுவதும் விட்டேன். காரணம்: என்.எம்.ஆர். நேரம். சூடும் காட்டினேன்." என்று எழுதியிருந்தேன். அந்தக் "காரணம்" என்ற சொல்லின் கீழே மெல்லக் கோடிட்டுவிட்டு, நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த தடவை சீவலைச் சின்ன உரலில் லேசாக நசுக்கி, குடுவையோடு இரவு முழுக்க ஓவனில் வைத்து, நைட்ரஜனில் ஆறவிட்டு, 2 மில்லி மட்டும் விட்டுக் கை கட்டி உட்கார்ந்தேன். பதினோராவது நிமிடம் பழுப்பு மங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு சொட்டுச் சொட்டாக ஒன்றரை மணி நேரம். அடியில் எந்தச் சூடும் இல்லாமல், வினை தன் வெப்பத்திலேயே ஈதரை நிதானமாகக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு அமைதியான ஒன்றையா நான் அப்படி வெடிக்க விட்டேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கையுறை பற்றி நேற்று அவன் கேட்டான், நீல நைட்ரைல் கையுறை போட்டால் போதுமா என்று. போதாது. டி.சி.எம். சிந்திய கையுறையை நான் மாற்றாமல் வேலையைத் தொடர்ந்தேன், முடித்துவிட்டுக் கழற்றலாம் என்று. சீக்கிரமே விரல்களுக்கு நடுவில் தீயாக எரிந்தது. நைட்ரைலை டி.சி.எம். சில நிமிடங்களுக்குள் ஊடுருவிவிடும். உள்ளே போனது ஆவியாகவும் வழியில்லாமல் தோலோடு ஒட்டி நிற்கும். எனக்குச் சிவந்ததோடு போயிற்று.

கேரன் வெட்டர்ஹானுக்கு அப்படிப் போகவில்லை. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி வேதியியல் பேராசிரியர், நச்சு உலோகங்களையே ஆராய்ந்தவர். 1996 ஆகஸ்டில், ஹூட்டுக்குள், லேட்டக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்தபோது டைமெத்தில் மெர்க்குரி சில சொட்டுகள் கையுறை மேல் விழுந்தன. அன்று இருந்த விதிகளை அவர் மீறவில்லை. சில மாதங்கள் கழித்துத்தான் நடை தடுமாறியது, பேச்சு குழறியது. 1997 ஜூனில் இறந்தார். பிறகு சோதித்துப் பார்த்தபோது அந்தச் சேர்மம் அப்படிப்பட்ட கையுறையை 15 நொடிக்குள் ஊடுருவியது. எந்தக் கரைப்பானுக்கு எந்தக் கையுறை எவ்வளவு நேரம் தாங்கும் என்ற அட்டவணையை எங்கள் ஹூட்டில் ஒட்டியிருப்பது நான்தான். அதை ஒட்டும்போது அவரை நினைத்துக்கொண்டேன்.

ஆபத்தில்லாத, ஆனால் மனசு உடைகிற பிழைகளும் உண்டு. ஒரு தடவை என் பொருளின் விளைச்சல், அதாவது கணக்குப்படி கிடைக்க வேண்டியதில் கிடைத்த பங்கு, 108 சதவீதம் வந்தது. 100-ஐத் தாண்ட முடியாது என்று தெரியும், ஆனாலும் தராசு அப்படிக் காட்டும்போது மனசு எதையாவது நம்பத்தான் செய்கிறது. என்.எம்.ஆர். நிறமாலையை மேடத்திடம் எடுத்துக்கொண்டு போனேன். அதில் ஒவ்வொரு பொருளும் தனக்கான எண்களில் சிகரங்களாக எழும். 7.26-இல் குளோரோஃபார்ம், அது எப்போதும் இருப்பது. அவர் பென்சிலால் 4.12-இல் இருந்த நான்கு முனைச் சிகரத்தைத் தொட்டார். பிறகு 2.05. பிறகு 1.26. மூன்றும் எத்தில் அசிட்டேட். நான் எடை போட்டதில் ஒரு பங்கு, காயாத கரைப்பான். "ராத்திரி பம்ப்ல போட்டுட்டுக் காலையில வா" என்றார், அவ்வளவுதான். மறுநாள் 81. அந்த 81-ஐ இன்னும் சந்தோஷமாக எழுதினேன்.

தம்பி, உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இது. மூன்றாவது நோட்டிலேயே ஒரு சிறிய கீட்டோன் செய்த பக்கம் இருக்கிறது. விளைச்சல் 31. டி.எல்.சி.யில் வினை சுத்தமாக முடிந்திருந்தது, பொருளைக் கொட்டவில்லை, சிந்தவில்லை. எங்கே போனது என்று எனக்குப் புரியவில்லை. புரியாவிட்டாலும், ரோட்டாவேப்பில் நான் பொருளை மறந்துவிட்டு வேறு வேலைக்குப் போனதை எழுதி வைத்திருந்தேன்: வெந்நீர்த் தொட்டி 50 டிகிரி, 20 மில்லிபார், நாற்பது நிமிடம். இரண்டு மாதம் கழித்து அதே பொருள் மறுபடி தேவைப்பட்டது. அக்கா அந்த வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இது கரைப்பானோடவே பறந்து போயிருக்கு. இவ்ளோ சின்ன மூலக்கூறுக்கு இந்த வேக்குவம் தாங்குமா? நீ கொட்டின ரிசீவர் குடுவையிலதான் இருந்திருக்கும்." இரண்டாம் தடவை தொட்டியைச் சூடாக்கவே இல்லை, லேசான வேக்குவம், கரைப்பான் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே நிறுத்தினோம். 78. நான் மறந்துபோன நாற்பது நிமிடத்தை எழுதாமல் விட்டிருந்தால், வினையையே குறை சொல்லி வேறு வழி தேடிப் போயிருப்பேன்.

நேற்று அவன் பக்கத்தைக் கிழிக்கவில்லை. கண்டென்சரை அசிட்டோன் விட்டுச் சுருள் சுருளாகக் கழுவி, எடுத்ததையெல்லாம் ஒரு குடுவையில் சேர்த்தோம். இந்தத் தடவை கால்வாசிதான் ஊற்றினான். குமிழை மாட்டினான். வேக்குவத்தை அவன் கூட்டக் கூட்ட நான் பக்கத்தில் நின்றேன். இன்று காலை டி.எல்.சி. போட்டுப் பார்த்தோம்: ஏழு புள்ளி. அந்தச் சுருளில் யார் யாருடைய பழைய பொருளோ ஒட்டியிருந்திருக்கிறது. ஆனால் நடுவில் அவனுடையது தடிமனாக, தெளிவாக நிற்கிறது.

அதனால் இன்று முழுக்க அவன் காலம் ஓட்டிக்கொண்டிருக்கிறான். சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயை நாங்கள் காலம் என்றுதான் சொல்வோம். பெயருக்கேற்ற மாதிரி அது நேரத்தை வாங்கிக்கொள்ளும். ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் த்ஸ்வெட் 1903இல் இலைச் சாயங்களைச் சுண்ணாம்புத் தூளில் பிரித்துக் காட்டினார். பிறகு வெகுகாலம் பெரும்பாலும் கரைப்பான் தன் எடையில் சொட்டி இறங்கும் வேகம்தான். 1978இல் கிளார்க் ஸ்டில்லும் உடன் இருந்தவர்களும் நுண்ணிய சிலிக்காவில் காற்றழுத்தம் கொடுத்துத் தள்ளும் முறையை வெளியிட்டார்கள். அதைத்தான் இன்று உலகம் முழுக்க எல்லாரும் செய்கிறோம். த்ஸ்வெட் என்றால் ரஷ்ய மொழியில் நிறம் என்று சொன்னேன். தம்பியின் முகத்தில் நேற்றிலிருந்து முதல் சிரிப்பு. கரைப்பான் மட்டம் சிலிக்காவுக்குக் கீழே போகவே கூடாது, காய்ந்தால் வெடிப்பு விழும், எழுந்து போகாதே என்றேன். இந்த நிமிடம் வரை நாற்காலியை விட்டு எழவில்லை. 23ஆம் டெஸ்ட் டியூபில் மஞ்சள் வரத் தொடங்கியிருக்கிறது.

அவன் நோட்டை மேலோட்டமாகப் பார்த்தேன். "குமிழ் மாட்டவில்லை. பாதிக்கு மேல் ஊற்றினேன். வேக்குவம் ஒரேயடியாக. மணி 6.25." அதன் கீழே ஒரு வரி இடைவெளி விட்டு, "கண்டென்சரிலிருந்து மீட்டது:" என்று எழுதி, எடைக்கு இடம் விட்டிருக்கிறான்.

நாளை மறுநாள் அவனுக்கு முதல் கிரிக்னார்டு. மக்னீசியச் சீவலை நாளை சாயங்காலமே ஓவனில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அன்று மத்தியானம் எனக்கு என்.எம்.ஆர். நேரம் இருந்தது. இன்று அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.